அழுத்தம் நின்றது, வேக்கம் நிற்கவில்லை: ஒரு கை பம்ப் டெஸ்டர் அனுபவம்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கை பம்ப் டெஸ்டர் வாங்கினேன். அழுத்தம் (காற்றை உள்ளே ஏற்றுவது), வேக்கம் (காற்றை வெளியே உறிஞ்சுவது) இரண்டும் ஒரே பம்பில். பக்கத்தில் உள்ள குமிழைத் தள்ளினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். முள் வைத்த கேஜ், ஒரு முழ நீள ஹோஸ், 3/8 அங்குல மரைக்கு ஒன்று, 8 மில்லிமீட்டர் மரைக்கு ஒன்று என இரண்டு அடாப்டர். பெட்டியில் இவ்வளவுதான்.

என்னுடையது 1980களில் வந்த 9.9 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். ஆயில் மாற்றுவதற்காகக் கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தியதுமே முதலில் தெளிந்த தண்ணீர் சொட்டியது. மோட்டார் இரண்டு நாள் நிமிர்ந்தே நின்றதால் தண்ணீரெல்லாம் அடியில் தங்கிவிட்டது. பின்னால் வந்த ஆயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தது. வாஷர்தான் போயிருக்கும் என்று இரண்டு ஸ்க்ரூவுக்கும் புதிதாகப் போட்டேன். ஐந்தாறு தடவை ஓட்டிய பிறகு மறுபடி வெளுப்பு. அடுத்து புரொப்பல்லரைக் கழற்றினால், தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு இறுகிக் கிடந்தது, தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடும் நைந்திருந்தது. இதுதான் காரணம் என்று நம்பி சீலை மாற்றினேன். அப்புறமும் ஆயில் வெளுத்தது. அதற்குப் பிறகுதான் இந்த டெஸ்டர்.

பம்பை மோட்டாரில் மாட்டுவதற்கு முன் ஹோஸ் முனையை விரலால் அடைத்து அடித்துப் பாருங்கள். என் பம்பில் முள் மெதுவாக இறங்கியது. கசிவு ஹோஸும் கேஜும் சேரும் இடத்தில். ஒரு சிறிய கிளிப் போட்டு இறுக்கியதும் நின்றது. கசிவைக் கண்டுபிடிக்கிற கருவியே கசிந்தால் அதை எப்படி நம்புவது? கிளிப்பைக் கம்பெனியே போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். இந்தக் கருவியில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

ஆயிலை முழுக்க வடித்து, கீழ் ஸ்க்ரூவைப் புது வாஷரோடு அடைத்து, மேல் ஓட்டையில் அடாப்டரை மாட்டினேன். எடுத்தவுடன் அதிக அழுத்தம் கொடுக்கக் கூடாது. முதலில் 3 முதல் 5 பிஎஸ்ஐ (கேஜில் உள்ள அழுத்த அளவு) போதும். அதிக அழுத்தம் சீலின் உதட்டைத் தண்டோடு அமுக்கிப் பிடித்து, சின்னக் கசிவை மறைத்துவிடும். குறைந்த அழுத்தத்தில் முள் நின்றால் மட்டும் மோட்டார் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்றலாம். அந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெயிலில் வைத்துச் சோதிக்காதீர்கள், உள்ளிருக்கும் காற்று சூடானாலே முள் நகரும். எனக்கு அழுத்தத்தில் முள் அசையவில்லை. புரொப்பல்லர் தண்டைக் கையால் சுற்றினேன், அப்போதும் அசையவில்லை.

வேக்கத்துக்கு மாற்றினேன். அதுவும் நின்றது. கியர் மாற்றும் கம்பியை மேலும் கீழும் ஆட்டியபோதுதான் முள் சட்டென்று இறங்கியது. கம்பி கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் நாலு சொட்டு ஆயில் விட்டு மறுபடி ஆட்டினேன். கம்பியைச் சுற்றி வளையமாக நின்ற ஆயில் கண்ணெதிரே உள்ளே இழுபட்டது, முள்ளும் கொஞ்ச நேரம் நின்று பிறகுதான் இறங்கியது. அங்கே கசிவைத் தடுக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் கல்லாகிப் போயிருந்தது.

வேக்கம் இல்லாத வெறும் அழுத்த டெஸ்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓடிச் சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். தண்ணீர் உள்ளே போவது பெரும்பாலும் அப்போதுதான். பல மோட்டார்களில் தண்டுக்கு இரண்டு சீல், ஒன்றின் உதடு உள்நோக்கி, மற்றதன் உதடு வெளிநோக்கி இருக்கும். அழுத்தம் ஒன்றைச் சோதிக்கும், வேக்கம் மற்றதைச் சோதிக்கும்.

டெஸ்டரோடு வந்த தாளில் ஒரு எச்சரிக்கை இல்லை, அதனால் நான் சொல்கிறேன். சில பழைய மோட்டார்களில் ஆயில் வடிக்கும் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். அதைத் தொடாதீர்கள். உள்ளே கியர் மாற்றும் இணைப்பைப் பிடித்திருப்பது அதுதான். அது கழன்றால் கியர் பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும்.

கேஜில் 5 பிஎஸ்ஐக்குக் கீழே கோடுகள் நெருக்கமாக இருப்பதால் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அடாப்டர்களின் மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது, கையாலேயே கடைசிவரை ஏறுகிறது. ஓ ரிங் மாற்றிய பிறகு கம்பியை எவ்வளவு ஆட்டினாலும் வேக்கம் அப்படியே நின்றது. இருபது மணி நேரம் ஓட்டிவிட்டு, ஒரு இரவு நிமிர்த்தி வைத்து, கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பார்த்தேன். முதல் சொட்டே ஆயில்தான், போட்டபோது இருந்த அதே நிறத்தில்.