மொத்தப் புள்ளிக்குப் பந்தயம்: புக்கியா, கணிப்புச் சந்தையா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட, இரு அணிகளும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுப்பார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 1973-ல் டென்னசி, டெம்பிளை 11-6 என்று வென்றது, மொத்தம் 17. 1989-ல் லயோலா மேரிமவுண்ட் 181-150 என்று ஜெயித்தது, மொத்தம் 331. இன்று ஆண்கள் ஆட்டத்தில் 40 நிமிடம், 30 விநாடி ஷாட் கிளாக் (அதற்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும்). ஓர் அணிக்கு எழுபதுக்குச் சற்றுக் குறைவான தாக்குதல் வாய்ப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்தால் மொத்தம் 140-ஐ ஒட்டி வரும்.

இதில் பணம் போட அங்கே இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கலாம் என்ற 2018 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவிய டிராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டுயல் போன்ற பந்தய நிறுவனங்கள், அதாவது புக்கிகள்; விலையை வைப்பதும் நமக்கு எதிர்ப்பக்கம் நிற்பதும் அவர்களே. இன்னொன்று, 2025 முதல் விளையாட்டுக்குள் இறங்கியிருக்கும் கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைகள்; இங்கே ‘நடக்கும்’, ‘நடக்காது’ என்ற ஒப்பந்தங்களை வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் வாங்கி விற்பார்கள்.

செலவில் யார் மலிவு? புக்கி சொல்லும் மொத்தத்துக்கு மேலே (ஓவர்) என்றாலும் கீழே (அண்டர்) என்றாலும், வழக்கமாக 110 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம். கையைக் கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும். கால்ஷியில் ஜெயித்த ஒப்பந்தத்துக்கு ஒரு டாலர் கிடைக்கும். 50 சென்ட்டுக்கு வாங்கினால், அதன் வழக்கமான சூத்திரப்படி கட்டணம் 1.75 சென்ட்; ஆக 51.75, அதாவது நூற்றுக்கு 51.75 முறை சரியாகச் சொன்னால் போதும். பார்த்தால் சந்தைதான் மலிவு. ஆனால் 50-க்கு விற்க ஆள் வேண்டுமே! அவசரப்பட்டு 51-க்கு வாங்கினால் செலவு 52.75 ஆகிவிடும், புக்கியைவிட அதிகம். எல்லாமே அந்த ஒரு சென்ட்டில்தான் இருக்கிறது. விலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்குச் சந்தை, இல்லாதவருக்குப் புக்கி.

பெரிய ஆட்டங்களில் அப்படிக் காத்திருக்கலாம். டியூக் - வட கரோலினா என்றால் இரண்டு பக்கமும் ஆள் குவிந்திருப்பார்கள். வியாழன் இரவு யாரும் கவனிக்காத சிறு கல்லூரி ஆட்டத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். அங்கே புக்கி சொல்லும் எண்ணை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சந்தை எனக்கு மிகவும் பிடிப்பது அதன் விலைப் படிக்கட்டுக்காக. 135.5-க்கு மேல், 140.5-க்கு மேல், 145.5-க்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வரிசையாகப் படித்தால் ஆட்டம் எங்கே முடியும் என்று கூட்டம் நினைக்கிறது, எவ்வளவு உறுதியாக நினைக்கிறது, இரண்டும் தெரிந்துவிடும். புக்கியும் மாற்று லைன்கள், அதாவது வேறு மொத்தங்கள் தருவார், ஆனால் அவற்றில் கமிஷன் கனமாக ஒட்டியிருக்கும்.

நடுவிலேயே விற்று வெளியேறுவதிலும் சந்தைக்கே என் ஓட்டு. கடைசி நிமிடத்தில் ஆறு புள்ளி பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். கடிகாரம் நிற்கும், ஃப்ரீ த்ரோக்கள் விழும், அண்டர் எடுத்தவருக்கு வயிற்றைக் கலக்கும். 2019 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் வர்ஜீனியாவும் டெக்சாஸ் டெக்கும் 68-68 என்று நின்றன. ஓவர்டைமின் ஐந்தே நிமிடத்தில் 26 புள்ளிகள் கூடி 85-77 ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் புக்கியிடம் அவர் சொல்வதுதான் விலை. சந்தையில் வாங்க ஆள் இருக்கும்வரை நம் விலையைக் கேட்கலாம். அப்புறம், தொடர்ந்து ஜெயிப்பவரின் பந்தய அளவைப் புக்கி குறைத்துவிடுவார். எதிரில் இருப்பவர் இன்னொரு வாடிக்கையாளர் என்பதால் சந்தைக்கு அந்தத் தேவை இல்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பெரும்பாலான மாநிலங்களில் புக்கியிடம் பந்தயம் கட்ட 21 வயது ஆக வேண்டும். கால்ஷியில் 18 போதும். ஆடுகிற பையனும் அவனுடைய விடுதி அறை நண்பனும் அந்த வயதுதான். யாருக்குக் கணுக்கால் வலி என்று முதலில் தெரிவதும் அந்த அறையில்தான். 1951-ல் நியூயார்க் சிட்டி கல்லூரி அணியைச் சிதைத்ததே வீரர்கள் காசு வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்த ஊழல். மொத்தப் புள்ளியில் இப்படி ஏமாற்றுவது இன்னும் சுலபம், ஏனென்றால் தோற்கவோ வித்தியாசத்தைக் குறைக்கவோகூட வேண்டாம், மெதுவாக ஆடினால் போதும். கல்லூரி ஆட்டங்களுக்காவது சந்தைகள் வயதை 21 ஆக்க வேண்டும். அதுவரை இந்த ஒரு விஷயத்தில் நான் புக்கியின் பக்கம்.