சஸ்பெண்டிலிருந்து எழும் கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்கும்: சில வருட அனுபவம்

திருப்பூரில் எங்கள் பிரிண்டிங் யூனிட் ஆபீசில் ஓடுவது ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப். அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டும் 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று. ஒன்றில் சிஸ்டம், மற்றதில் வருடக்கணக்கான பனியன் டிசைன்கள். டிசைன் சாப்ட்வேர், மெயில், கணக்கு எல்லாம் திறந்தபடியே இருக்கட்டும் என்று மெஷினை ஷட்டவுன் செய்யாமல் சஸ்பெண்டில் போடுவதுதான் வழக்கம். அங்கேதான் தலைவலி. கீபோர்டைத் தட்டினால் ஃபேன் உடனே சுற்றும், திரை மட்டும் கருப்பாகவே நிற்கும். சாம்பிள் பார்க்க வந்தவர், "ஏனுங்ணா, அது எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்று கிளம்பிவிடுவார்.

சஸ்பெண்டில் மெமரிக்கு மட்டும்தான் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிடும். எழுப்பும்போது பிராசசரும் மெமரியும் கண் மூடித் திறப்பதற்குள் தயார். ஆனால் நின்றுபோன தட்டு மறுபடி 7200 சுற்றுக்கு வேகமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். அது மோட்டார் வேலை, எந்த சாப்ட்வேராலும் குறைக்க முடியாது. பழைய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) செய்த வம்பு என்னவென்றால், டிஸ்க் 'நான் ரெடி' என்று சொல்லும்வரை மற்ற எல்லாரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்ததுதான்.

இன்டெலின் டாட் பிராண்ட் எழுதிய மாற்றம் இதைச் சரிசெய்தது. 2014 ஜூனில் வந்த லினக்ஸ் 3.15-இல் அது சேர்ந்தது. டிஸ்கை எழச் சொல்லிவிட்டு கெர்னல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். டிஸ்கிலிருந்து ஏதாவது கேட்கிற புரோகிராம் மட்டும் காத்திருக்கும். நாங்கள் வைத்திருந்த லினக்ஸ் வகையான உபுண்டு 14.04-உடன் வந்தது 3.13 கெர்னல், அதனால் எங்களுக்கு அந்தச் சுகம் கிடைக்கவில்லை. 16.04-க்கு மாறியதும் கெர்னல் 4.4. கருப்புத் திரை அன்றோடு போயிற்று. கெர்னல் லாகில், டிவைஸ்களை எழுப்பி முடித்ததைச் சொல்லும் வரியில் அதுவரை ஆயிரக்கணக்கில் இருந்த மில்லிசெகண்ட், நூற்றுக்கணக்கில் இறங்கியிருந்தது.

நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு சொல்கிறேன், இதில் பாதி கண்கட்டு வித்தைதான். திரை வந்துவிடும், ஏற்கெனவே மெமரியில் இருக்கிற டிசைனை நகர்த்தலாம், மெயில் படிக்கலாம். 'ஓப்பன்' பட்டனை அழுத்திப் பாருங்கள், அந்தச் சின்ன ஜன்னல் வெள்ளையாக உறைந்து நிற்கும். கேபினட்டில் காதை வைத்தால் டிஸ்க் விர்ரென்று வேகமெடுப்பது கேட்கும். சத்தம் சீரானதும் ஃபோல்டர்கள் பொலபொலவென்று வந்து விழும். ஆக, காத்திருப்பு குறையவில்லை, இடம் மாறியது. ஆனாலும் எனக்கு அது பெரிய வித்தியாசம். எதிரில் ஆள் நிற்கும்போது திரையில் ஏதாவது தெரிந்தாலே பாதி டென்ஷன் போய்விடும்.

உண்மையான தீர்வு சிஸ்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றியதுதான். அதில் சுற்றுகிற பாகமே இல்லை. டிசைன்கள் மட்டும் இன்னும் பழைய டிஸ்கில்தான்; அவ்வளவையும் எஸ்எஸ்டியில் வைக்க மனசு வரவில்லை, விலை அப்படி.

அப்புறம், வேலை நேரத்திலேயே டிஸ்க் சும்மா சும்மா தூங்கப் போவதும் ஒரு தொல்லை. அதற்கு, டிஸ்க் செட்டிங்கை மாற்றும் எச்டிபார்ம் (hdparm) கட்டளையில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் டிஸ்க் தூங்கலாம் என்று சொல்லும் பெரிய 'எஸ்' (-S) மதிப்பைக் கூட்டினேன். அந்தக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது: 240 என்றால் 20 நிமிடம், 241 என்றால் 30 நிமிடம், 242 என்றால் ஒரு மணி நேரம். பூஜ்யம் கொடுத்தால் தானாகத் தூங்கவே தூங்காது. பல டிஸ்குகள் சஸ்பெண்டுக்குப் பிறகு இதை மறந்துவிடும். அதனால் மெஷின் எழும் ஒவ்வொரு முறையும் கட்டளை தானாக ஓடுமாறு ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வைத்திருக்கிறேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ஸ்டார்ட்-ஸ்டாப் எண்ணிக்கை ஏறும் வேகமும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

இன்னும் ஹார்ட் டிஸ்கிலேயே சிஸ்டம் வைத்திருப்பவர்கள் முதலில் கெர்னல் பதிப்பைப் பாருங்கள். 3.15-க்கு முந்தையது என்றால் மாற்றுங்கள், காசு செலவில்லை. அதற்கு மேல் இருந்தும் மந்தம் என்றால் கெர்னலைக் குறை சொல்லிப் பயனில்லை, சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவிடுங்கள். ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வருகிற நாட்களில் மட்டும் நான் சஸ்பெண்டை நம்புவதில்லை. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்தால் மெமரியில் இருந்தது அத்தனையும் போச்சு. அப்போது, மெமரியில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்கும் ஹைபர்நேட்தான்; எழ நேரமானாலும் பரவாயில்லை.