பை-யா, அண்டிலா? இன்-னா, விதின்-னா?

'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதையும் 'வெள்ளிக்கிழமை வரை' என்பதையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் மெயில் எழுத உட்கார்ந்தால்தான் இரண்டுக்கும் 'அண்டில்' வந்து விழுகிறது. 'ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் அண்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். அனுப்புவது, கட்டுவது, வந்து சேர்வது என்று ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு 'பை'. காத்திருப்பது, தங்குவது, கடை திறந்திருப்பது என்று நீளுகிற நிலைக்கு 'அண்டில்'. நம் 'க்குள்'ளும் 'வரை'யும் செய்கிற அதே பாகப்பிரிவினைதான்.

'ஐ ஓன்ட் சென்ட் இட் அண்டில் ஃப்ரைடே' மட்டும் எப்படிச் சரி? அங்கே நீளுவது அனுப்பாமல் இருக்கிற நிலை.

'அண்டில்' சரியான இடத்தில் வந்தாலும் காலை வாரும். 'ஆன் லீவ் அண்டில் மண்டே' என்று ஒருமுறை எழுதிவிட்டு, திங்கட்கிழமையும் சேர்த்துத்தான் லீவு என்று நிம்மதியாக இருந்தேன். காலை ஒன்பதரைக்கு, 'மீட்டிங்குக்கு வரலையா?' என்று போன். அமெரிக்கர்கள் 'த்ரூ மண்டே' என்பார்கள்; அதில் திங்கள் அடக்கம். 'அண்டில்' அந்த உத்தரவாதத்தைத் தராது. இப்போதெல்லாம் 'பேக் ஆன் டியூஸ்டே' என்று எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஜோடி இன்னும் நைசானது. 'இன் டென் மினிட்ஸ்' கூப்பிடுகிறேன் என்றால் ஏறக்குறைய பத்து நிமிஷம் கழித்து. 'விதின் டென் மினிட்ஸ்' என்றால் அதற்குள் எப்போது வேண்டுமானாலும், அடுத்த நிமிஷமே கூட. நம் 'பத்து நிமிஷத்துல' இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. கெடு வைக்கும்போது 'விதின்'தான் என் கட்சி.

'சின்ஸ் டூ இயர்ஸ்' கேட்டுக் கேட்டுப் புளித்த தப்பு. 'சின்ஸ்'க்குத் தொடங்கிய புள்ளி வேண்டும்: 2022-லிருந்து. 'ரெண்டு வருஷமா' என்று கால அளவைச் சொன்னால் 'ஃபார்'. காதில் இடிக்குமே தவிர, கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். 'அண்டில்' அளவுக்கு ஆபத்தில்லை.

'ஆன் டைம்' குறித்த நேரத்துக்கு, 'இன் டைம்' காரியம் கெடுவதற்கு முன். ரயில் ஆன் டைமில் கிளம்பும். நாம் இன் டைமில் போய் ஏறுவோம்.

இரண்டு பேர் என்றால் 'பிட்வீன்', அதற்கு மேல் 'அமங்' என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட விதி பாதிதான் உண்மை. 'பிட்வீன்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இரண்டு' ஒளிந்திருப்பது வாஸ்தவம். ஆனால் ஆரம்ப காலத்திலிருந்தே அது இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கிவருகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே சொல்கிறது. மூன்று நாடுகள் தனித்தனியாக நின்று போடுகிற ஒப்பந்தத்துக்கு 'பிட்வீன்'தான் பொருத்தம். கூட்டத்தோடு கூட்டமாக ஒருவர் கலந்து நின்றால் 'அமங்'.