போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு: நான்கு வருடம் படம் மாற்றிய அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்கும் படமும் என் பொறுப்பு. சரக்குக் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு டிசைனையும் போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, விலை போட்டு, வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். சாதாரண நாளில் நூறு படம். ஆடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்க ஆரம்பித்தால் நானூறு கூடப் போகும். ஆண்ட்ராய்டு போன் ஒன்று, விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று. இந்த நான்கு வருடத்தில் இரண்டும் என்னைப் படுத்தியதையும், எது கைகொடுத்தது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் கேபிள். போனில் சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டரில் மட்டும் போன் காட்டாது. நான் கம்ப்யூட்டரில் போனுக்கான டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன், விண்டோஸை அப்டேட் செய்தேன், இரண்டு நாள் வீணானது. கடைசியில் பார்த்தால் அது சார்ஜுக்கு மட்டுமே ஆன கேபிள். சாதாரண யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி இருக்கும். விலை மலிவான சில கேபிள்களில் தகவல் கம்பியே வைப்பதில்லை. வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் கேபிள் வாங்கும்போது 'டேட்டா கேபிள்தானே' என்று கேட்டு, முடிந்தால் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

சரி, நல்ல கேபிள் வாங்கியாயிற்று. எட்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. கடைப் பையன் வந்து, "அண்ணா, இன்னா பண்ணாலும் போன் வர மாட்டேங்குதுண்ணா, கேபிள இப்படி அழுத்திப் புட்சாதான் வருது" என்றான். டைப்-சி போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, நடுவில் இருக்கும் நாக்கில் படாமல் ஓரமாக விட்டு மெல்ல நெம்பினேன். நைட்டித் துணியின் நூல் தூசி, பாய் மாதிரி அமுங்கிக் கெட்டியாகிப் போனது, ஒரே துண்டாக வந்தது. அவ்வளவு நாளும் கேபிள் கடைசிவரை உள்ளே போகவே இல்லை. எடுத்த பிறகு செருகினால் 'டக்'கென்று உட்கார்ந்தது. துணிக்கடை, தையல்கடை வேலை என்றால் மாதம் ஒருமுறை போர்ட்டைப் பாருங்கள். ஊசி, குண்டூசி வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கீறிப்போகும்.

அடுத்து, கேபிளைச் செருகியதும் ஆண்ட்ராய்டு சார்ஜ் மட்டும்தான் செய்யும். தெரியாத கம்ப்யூட்டரில் செருகினால் படங்கள் போய்விடக் கூடாது என்ற பாதுகாப்பு அது, நல்லதுதான். லாக்கைத் திறந்து, மேலே வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுக்க வேண்டும். தினமும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால், செட்டிங்ஸில் 'பில்ட் நம்பரை' ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, 'டிஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன்' என்பதில் மாற்றி வைக்கலாம். அப்போதும் லாக் திறந்தால்தான் கோப்புகள் தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். 2022 தீபாவளி நேரம். போனில் இடம் இல்லை, அவசரம், படங்களை 'கட்' கொடுத்துக் கம்ப்யூட்டரில் 'பேஸ்ட்' செய்தேன். பாதியில் யாரோ மேஜையை இடித்துக் கேபிள் கழன்றது. மறுபடி செருகிப் பார்த்தபோது பதினோரு படம் போனில் இல்லை. கம்ப்யூட்டரில் இருந்தவையும் மேல் பாதி துணி, கீழ்ப் பாதி சாம்பல் நிறம். அந்தச் சரக்கு அதற்குள் லாரி ஏறிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை.

பென் டிரைவ் என்றால் கம்ப்யூட்டரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும். போன் அப்படி விடாது. எம்.டி.பி. என்ற முறையில், கேட்டதைத் தானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும். எங்கள் கடையில் வாடிக்கையாளரை குடோனுக்குள் விடாமல், பையன் ஒவ்வொரு கட்டாகக் கொண்டுவந்து காட்டுவது போலத்தான். அதனால்தான் ஆயிரம் படம் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அப்படித் திணறுகிறது. கம்ப்யூட்டரிலிருந்து போன் படத்தை அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது, போனது போனதுதான். அன்றிலிருந்து கேபிளில் 'காப்பி' மட்டும்தான். எண்ணிக்கை சரியா என்று பார்த்து, நாலைந்து படத்தைத் திறந்தும் பார்த்த பிறகே போனில் அழிக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையை ஒட்டி வைத்திருந்த கம்ப்யூட்டர் மூழ்கி, ஹார்ட் டிஸ்க் போயிற்று. வீட்டுப் படங்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்து வைத்திருந்தேன். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் படங்களும் அதில்தான் இருந்தன. உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த சிலதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு சிங்க்திங் (Syncthing) என்ற மென்பொருளுக்கு மாறினேன். இலவசம். போன், கடைக் கம்ப்யூட்டர், வீட்டுக் கம்ப்யூட்டர் மூன்றிலும் ஒரே ஃபோல்டரை வைத்துக்கொள்ளும். ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட் கூட வேண்டாம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, இரண்டு பக்கமும் சம்மதம் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும். முதல் வாரம் மட்டும் மிகவும் படுத்தியது. போனும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. போன் ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தது. அதில் இருக்கும் கருவிகள் மற்றவற்றோடு தொடர்பு கொள்ள முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும். அதை மாற்றினேன். விண்டோஸில் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று இருந்ததை 'பிரைவேட்' ஆக்கி, ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்தேன். அப்புறம் போனின் திரை அணைந்ததும் சிங்க், அதாவது படங்கள் தானாகப் போய்ச் சேருவது, நின்றுபோனது. பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுத்ததும் சரியானது. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் இப்போது போனில் அதன் மாற்று ஆப்பான சிங்க்திங்-ஃபோர்க் பயன்படுத்துகிறேன்.

ஒரு எச்சரிக்கை. சிங்க் என்பது பேக்கப் இல்லை. போனில் ஒரு படத்தை அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழியும். பையன் ஒருநாள் இடம் வேண்டும் என்று ஒரு வாரப் படத்தை அழித்துவிட்டான். நல்ல வேளை, கம்ப்யூட்டர் பக்கம் 'ஃபைல் வெர்ஷனிங்' என்பதில் 'டிராஷ் கேன்' போட்டு வைத்திருந்தேன். எல்லாம் தனி ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. இதைப் போடாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

தங்கையிடம் ஐபோன். அவள் படங்களை விண்டோஸுக்கு எடுக்கும்போது பாதியில் 'டிவைஸ் வேலை செய்யவில்லை' என்று பிழை வரும். கேபிள் மேல் குற்றமில்லை. போன் ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் (JPEG) என்ற வழக்கமான பட வகைக்கு மாற்றி அனுப்பப் பார்த்துத் தடுமாறுகிறது. போட்டோஸ் செட்டிங்ஸின் அடியில், கம்ப்யூட்டருக்கு அனுப்பும் முறையை 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றியதும் நின்றது.

இப்போது தினசரிப் படங்களுக்கு வைஃபை, பெரிய வீடியோக்களுக்குக் கேபிள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் காலையில் எடுத்த படம் எல்லாம் ஃபோல்டரில் வந்து உட்கார்ந்திருக்கும். மாதக் கடைசி ஞாயிறு அன்று அதை ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து, வீட்டில் பரண் மேல் வைக்கிறேன்.