வாடகை வீட்டுச் சாமானுக்கு இன்சூரன்ஸ்: நாலு வருஷம் கட்டிப் பார்த்ததில்

"ஊடே நம்மளது இல்ல, அதுக்கு என்னத்துக்குக் கண்ணு இன்சூரன்ஸ்?" பாலிசி எடுத்த அன்றைக்கு மாமியார் கேட்டது. திருப்பூரில் எங்களுக்கு வாடகைக்கு ஒரு மாடி வீடு. ஓனர் அண்ணா கட்டடத்துக்கு எடுத்திருந்தாலும் நம்ம பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் அதில் சல்லிக்காசு வராது என்று சொல்லிப் பார்த்தேன். மாமியார் சமாதானமாகவில்லை.

எடுத்தது பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரலில் வந்த பொதுவான பாலிசி, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். கட்டடத்தை விட்டுவிட்டு சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். நாங்கள் 5 லட்சத்துக்குப் போட்டோம். பிரீமியம் எங்கள் ஒரு மாசப் பால் கணக்கைவிடக் குறைவு.

ரெண்டாம் வருஷம் பட்டிப்பொங்கலுக்குக் காங்கேயம் போய்த் திரும்பினால், வீட்டு வாசப்படியிலேயே தண்ணீர். மொட்டைமாடியில் உப்புத்தண்ணி பைப்பின் எல்போ பிடுங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஊற்றியிருக்கிறது. மெத்தை ஊறிப்போய் நாலு பேர் தூக்கும் கனம். பிளைவுட் அலமாரி உப்பி, விரல் பட்ட இடமெல்லாம் அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. துடைக்காமல் முதலில் போட்டோ எடுத்தேன்; அதைச் சொல்லித் தந்த ஏஜென்ட் அண்ணனுக்கு இன்றைக்கும் நன்றி.

பைப் வெடித்து வரும் சேதம் பாலிசியில் உண்டு. அதில் தகராறே இல்லை. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து கேட்டதெல்லாம் பில். அலமாரி ஆசாரியிடம் சொல்லிச் செய்தது, பில் ஏது? பாப்பாவின் பிறந்தநாள் போட்டோவில் கேக்குக்குப் பின்னால் அலமாரி பளிச்சென்று நின்றது. அதையும் ஆசாரி எழுதித் தந்த எஸ்டிமேட்டையும் வைத்து ஒத்துக்கொண்டார்.

அடுத்து என் ஓவர்லாக் தையல் மெஷின். மோட்டாருக்குள் தண்ணீர். "இது வீட்டுக்குத் தைக்கறதுங்களா, ஜாப் ஒர்க்குங்களா?" என்றார். மேசைக்கடியில் கூலிக்குத் தைக்க வந்த கட்டிங் பீஸ் பண்டில் சீட்டோடு கிடக்கும்போது நான் என்ன பொய் சொல்ல? தொழில் மெஷின் வீட்டுச் சாமானில் சேராது என்று லிஸ்டில் ஒரு கோடு போட்டார். வீட்டுக்கு வீடு மெஷின் ஓடும் இந்த ஊரில் பாலிசி விற்கிறவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். மற்றதற்கு 41,000 கேட்டோம், 33,500 மாசி பிறந்தபிறகு வந்தது.

அப்புறம்தான் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். திருட்டு உண்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள் களவு போனால்தான் அடிப்படைப் பாலிசியில் வரும். சும்மா பூட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போனால் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டோம். நகைக்கும் தனி கவர். அதை எடுக்கவில்லை, பேங்க் லாக்கரே போதும் என்று வீட்டுக்காரர் முடிவு. போன வருஷம் ஹை வோல்டேஜில் ஃபிரிட்ஜ் போனதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, கரண்டால் அந்தச் சாதனம் மட்டும் கெட்டால் கிடையாதாம். வீடு மாறினால் விலாசத்தையும் மாற்ற வேண்டும். நாங்கள் ரெண்டு மாசம் மறந்தே போனோம்.

மெஷினுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று சிறுதொழில் பாலிசி இருக்கிறது. கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கிறது. இந்த ஆர்டர் பணம் கைக்கு வரட்டும். அதுவரை மெஷின் ரெண்டு ஹாலோ பிளாக் கல் மேல் நிற்கிறது.