ரீசெட் பொத்தானுக்காக மதர்போர்டையே மாற்றச் சொன்னார்கள்

கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் நாளுக்கு இரண்டு மூன்று தடவை சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. நீலத் திரை இல்லை, எர்ரர் மெசேஜ் இல்லை. திரை பட்டென்று கறுக்கும், அப்புறம் பழையபடி லோகோ வரும். பழுது பார்க்கும் கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் ஆன் செய்துகூடப் பார்க்காமல், "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு சார்" என்றார். மறுநாள் புது விண்டோஸ் போட்டுத் தந்தார். சி டிரைவோடு டி டிரைவையும் ஃபார்மட் செய்திருந்தார். இத்தனை வருஷப் போட்டோக்கள் போயே போய்விட்டன. கேட்டால், "பேக்கப் இல்லைன்னு நீங்க சொல்லலையே சார்" என்கிறார்.

இரண்டே நாளில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதாம். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தாரா என்றால் இல்லை. அதிலிருந்து வரும் 12 வோல்ட் லைனில் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே வந்தால் சரி என்பது கணக்கு. அளக்க ஐந்து நிமிஷம் ஆகாது. புதிது என்று மாட்டித் தந்ததில் கம்பெனி பெயரே இல்லை, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கிறது. என் பழையது 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச்சான்று) முத்திரை உள்ளது. அதைத் திருப்பிக் கேட்டேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு."

மூன்றாவது தடவை மதர்போர்டு என்றார். சரி, போதும் என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

முதலில் விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியைப் பார்த்தேன். பழைய பதிவுகள் ஃபார்மட்டோடு போய்விட்டன என்றாலும் புதிதாக வரிசையாகச் சேர்ந்திருந்தன: கெர்னல்-பவர், ஈவென்ட் ஐடி 41. இதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. அதன் டீடெய்ல்ஸில் பக்செக்கோட் என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது 0 இல்லாமல் வேறு எண்ணாக இருந்தால் விண்டோஸே கிராஷ் ஆகியிருக்கிறது. டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), ராம் (தற்காலிக நினைவகம்) என்று தேடலாம், கிராஷ் விவரங்கள் சேரும் மினிடம்ப் ஃபோல்டரிலும் தடயம் கிடைக்கலாம். எனக்கு எல்லாமே 0. விண்டோஸுக்குக் குறித்துவைக்க நேரமே கிடைக்காமல் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் பயாஸ் செட்டிங்ஸ் திரைக்குப் போய் அப்படியே விட்டுவிட்டேன். வெப்பநிலை சாதாரணமாகத்தான் இருந்தது. அரைமணி நேரத்தில் அங்கேயே ரீஸ்டார்ட் ஆனது! அங்கே விண்டோஸ் ஓடுவதே இல்லை. என் போட்டோக்களை அழித்தது எதற்காக என்று யோசித்தபோது வயிறு எரிந்தது.

ராமையும் பார்த்துவிடலாம் என்று மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை ஓட்டினேன். இடையில் ரீஸ்டார்ட் ஆகி, இரண்டாவது முயற்சியில்தான் முடிந்தது. பிழை ஒன்றும் இல்லை, ஆனால் 8 ஜிபி என்று காட்டியது. நான் போட்டிருந்தது 16. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது, பக்கத்து ஸ்லாட் காலி. கடையில் கேட்டதற்கு, "வரும்போதே ஒண்ணுதான் இருந்துச்சு" என்று பதில். என்னிடம் போட்டோ இல்லை, சீரியல் நம்பரும் குறித்து வைக்கவில்லை. நீங்கள் கொடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து ராம், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றின் லேபிளும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள். மாற்றுகிற பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கோளாறு எங்கே என்று கேட்கிறீர்களா? கேபினெட்டின் முன்பக்கத்தை லேசாகத் தட்டியபோது ரீஸ்டார்ட் ஆனது. ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டு அவ்வப்போது தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மதர்போர்டில் ரீசெட் எஸ்டபிள்யூ (ரீசெட் ஸ்விட்ச்) என்று எழுதிய இரண்டு பின் கனெக்டரைப் பிடுங்கினேன், அவ்வளவுதான். ரீசெட் பொத்தான் இல்லாமலே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்.

அந்த ஒயரைச் சுருட்டி டேப் ஒட்டி உள்ளேயே விட்டிருக்கிறேன். ஐந்து வாரமாகிறது, புதிதாக ஒரு 41கூடச் சேரவில்லை. 8 ஜிபியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.