ஆறு ஆண்டுகளாக ஒரு மேசை அவனும் ஒரு பூசணி மசாலா ரொட்டியும்

சென்ற வாரம் என் மேசை அவனில், அதாவது மேசைமேல் வைத்து ரொட்டி வேகவைக்கும் சிறு மின்னடுப்பில், சூட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்கும் உறுப்பான தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஆண்டிறுதிப் பண்டிகைக்கு முன்னால் ஓர் அவன் வாங்கிவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்த தோழி, சரியாக அந்த நேரத்தில், “அக்கா, நீங்கள் வைத்திருப்பதையே நானும் வாங்கிவிடட்டுமா? உங்கள் பூசணி ரொட்டி அதில்தானே வேகிறது?” என்று கேட்டாள். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆறு ஆண்டுகளில் அந்த அவனிடம் நான் பெற்றதும் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். மேலும் கீழும் சூடேற்றும் கம்பிகள், வெப்பத்துக்கு ஒரு திருகு, நேரத்துக்கு ஒரு திருகு, வேண்டிய சூடு வந்ததும் அணையும் ஒரு சிவப்பு விளக்கு முகப்பில் என்ற அடிப்படை விவரங்கள் எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான்: ஒரு மணி நேரம் வேக வேண்டிய ரொட்டிக்கு இந்த அவன் காட்டும் வெப்பம் உண்மையானதல்ல.

முதலில் ரொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனின் குறையை எனக்குக் காட்டிக்கொடுத்ததே அதுதான். பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு ஆகியவற்றைப் பொடித்துச் சேர்த்து, பூசணிக் கூழும் பழுப்புச் சர்க்கரையும் முட்டையும் எண்ணெயும் கலந்து, ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவின் பலத்தில் மட்டுமே உப்ப வைக்கும் ரொட்டி அது. 1843இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலர் ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக பேக்கிங் பவுடரை உருவாக்கினார். மாவைப் பிசைந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கும் வேலை இவ்வகை ரொட்டிகளில் இல்லாமல் போனது அப்படிப்பட்ட பொடிகளால்தான். ஆனால் காத்திருக்கும் வேலை போனதோடு, காத்திருக்கும் வசதியும் போய்விட்டது. பழுப்புச் சர்க்கரையிலும் பூசணியிலும் உள்ள புளிப்பைச் சோடா தொட்ட கணத்திலேயே வாயு கிளம்பத் தொடங்கிவிடுகிறது. கலவையைக் கிண்ணத்திலேயே அரை மணி நேரம் விட்டுவைத்தால், ரொட்டியைத் தூக்கி நிறுத்த வேண்டிய குமிழ்களில் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிடும். ஆகவே கலந்த கையோடு உள்ளே வைக்கும்போது அவன் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதே வெப்பத்தில் நிலைத்து நிற்க வேண்டும்.

அந்த இரண்டையும் இந்த அவன் செய்வதில்லை என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு பண்டிகைக் காலங்கள் ஆயின. திருகை 175 டிகிரி செல்சியஸில் வைப்பேன். விளக்கு அணைந்ததும் ரொட்டி அச்சை உள்ளே வைப்பேன். இருபதாவது நிமிடத்தில் மேற்புறம் ஆழ்ந்த பழுப்பேறி, நடுவில் அழகாக வெடித்து நிற்கும். அந்த வெடிப்பு குறையன்று. மேல்தோல் இறுகிய பிறகும் நடுப்பகுதி உப்பிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. ஐம்பதாவது நிமிடத்தில் மேற்புறம் ஏறக்குறைய கருகிவிட்டிருக்கும். இனிமேலும் விட்டால் கசக்கும் என்ற பயத்தில் வெளியே எடுப்பேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், நிமிர்ந்து நின்ற ரொட்டியின் நடு முதுகு மெதுவாகக் குழிந்து போயிருக்கும். வெட்டினால், கத்தியின் இருபுறமும் களிபோல் ஒரு கருத்த பட்டை ஒட்டிக்கொண்டு வரும்.

அப்போது நான் என் கையையே சந்தேகித்தேன். சோடா கூடிவிட்டதோ என்று குறைத்தேன். ரொட்டி கனத்துப் போயிற்று. மாவை அதிகம் கிளறிவிட்டேனோ என்று பத்துப் பதினைந்து சுற்றோடு நிறுத்தினேன். அது நல்ல பழக்கம்தான். அதிகம் கிளறினால் மாவில் பசைத்தன்மை இறுகி, ரொட்டிக்குள் நீண்ட குகைகள் போல ஓட்டைகள் விழும். ஆனாலும் நடுக்குழி போகவில்லை. கறுப்பு அச்சு வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் வெளிர் நிற அலுமினிய அச்சுக்கு மாறினேன். ஓரங்கள் அழகாயின, நடுப்பகுதி அப்படியே இருந்தது. பண்டிகைக்கு வந்த உறவினர்களிடம், “இந்த முறை சரியாக வரவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்” என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் தவறு என்னுடையதாக இருக்கவில்லை.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய 186 டிகிரியில் உருகும் என்பதை வைத்து அவனின் திருகைச் சோதிக்கும் எளிய முறை ஒன்று உண்டு. திருகை 175இல் வைத்து, விளக்கு அணைந்த உடனே, அலுமினியத் தாளில் செய்த சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி சர்க்கரையை வைத்தேன். கால் மணி நேரத்தில் ஓரமெல்லாம் உருகிப் பாகாகி, தேன் நிறம் பிடித்திருந்தது. அப்படியானால் அவன் சொன்னதைவிடச் சூடாக இருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த ரொட்டியை 160இல் வைத்தேன்; அது ஒன்றரை மணி நேரமாகியும் வேகவில்லை. மறுநாள் மீண்டும் 175இல் வைத்து, இம்முறை அவன் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு புதிதாக ஒரு கரண்டி சர்க்கரையை வைத்தேன். கால் மணி நேரம் கழித்தும் ஒரு பரல்கூட நிறம் மாறவில்லை. வைத்தது வைத்தபடி வெள்ளையாகவே இருந்தது. ஒரே திருகு, ஒரே எண், இரண்டு வேறு விடைகள்.

பிறகு அவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, ஒரு மாலை முழுவதும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். முதல் முறை விளக்கு அணையும்போது உள்ளே 205 வரை ஏறியிருந்தது. அடுத்த முறை 190. அரை மணி நேரத்துக்குப் பின் 155க்கும் 170க்கும் இடையிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தது. எந்தத் தெர்மோஸ்டாட்டும் ஏறி இறங்கித்தான் வேலை செய்யும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊசலாட்டமே நேரம் போகப் போகக் கீழே சரிந்துகொண்டு போவதுதான் இங்கே சிக்கல். பன்னிரண்டு நிமிடத்தில் வேகும் பிஸ்கட்டுக்கு இது தெரியவே தெரியாது. தொடக்கச் சூட்டில் அது நன்றாகச் சிவந்துவிடும், சரிவு வருவதற்குள் வெளியே வந்தும்விடும். ரொட்டி மட்டுமே முழுச் சரிவையும் அனுபவிக்கிறது: மேல்தோலுக்கு வேண்டாத நேரத்தில் அதிகச் சூடு, நடுப்பகுதிக்கு வேண்டிய நேரத்தில் குறைந்த சூடு. போதாக்குறைக்கு, சோடாவின் காரத்தன்மை மேல்தோல் சிவப்பதை விரைவுபடுத்தும். ஆக, முதல் இருபது நிமிடச் சூடு இந்த ரொட்டியை மற்றெதையும்விட அதிகமாகத் தண்டிக்கிறது.

இதற்கான காரணம் சென்ற வாரம்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அன்று விளக்கு அணையவே இல்லை; இரு கம்பிகளும் ஓயாமல் சிவந்து கிடக்க, இருபது நிமிடத்தில் ரொட்டியின் மேல்தோல் கரியாயிற்று. பழுது பார்க்க வந்தவர் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, நகத்தளவு உள்ள தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துக் காட்டினார். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு பட்டை ஒன்று சூடேறினால் வளைந்து மின் இணைப்பை விடுவிக்கும். ஆறினால் நிமிர்ந்து மீண்டும் தொடும். இதில் தொடும் முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. அதை மாற்ற அவருக்குக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முனைகளை அன்று, அது இருந்த இடத்தை. ரொட்டி வேகும் அறைக்குள் அது இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், திருகுகளும் கம்பிகளும் அடைந்து கிடக்கும் ஒடுங்கிய பெட்டிக்குள் இருக்கிறது. தொடக்கத்தில் அந்தப் பெட்டி குளிர்ந்திருப்பதால் உள்ளே அளவுக்கு மீறிச் சூடான பிறகே அதற்குச் செய்தி போகிறது. போகப் போகப் பெட்டியே சூடேறிவிடுவதால், உள்ளே போதிய சூடு வருவதற்கு முன்பே அது இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஆறு ஆண்டு மனக்குறைக்கும் விடை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. புதிய தெர்மோஸ்டாட்டும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனவே சரிவும் அப்படியே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் இப்போது எனக்கு ரொட்டி தவறுவதில்லை, ஏனென்றால் அவனின் போக்கை நான் பழகிவிட்டேன். விளக்கை நம்புவதில்லை, காதை நம்புகிறேன். தெர்மோஸ்டாட் விடும்போதும் தொடும்போதும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது முறை அது விடும் வரை, ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம், அவன் வெறுமனே ஓட வேண்டும். அதுவரை 210 கிராம் மைதாவும், ஒரு தேக்கரண்டி சோடாவும், இரண்டு தேக்கரண்டி பட்டைத்தூளும், ஒரு தேக்கரண்டி சுக்குத்தூளும், அரைத் தேக்கரண்டி ஜாதிக்காயும், கால் தேக்கரண்டி கிராம்பும் ஒரு கிண்ணத்தில் உலர்ந்தபடியே இருக்கும். பூசணியும் முட்டையும் எண்ணெயும் சர்க்கரையும் இன்னொரு கிண்ணத்தில் இருக்கும். மூன்றாவது சத்தம் கேட்ட பிறகே இரண்டையும் சேர்ப்பேன். அச்சில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. முப்பதாவது நிமிடத்தில் திருகை 15 டிகிரி கூட்டிவிட்டு, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்துவிடுவேன். குச்சி விட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். பூசணியின் ஈரத்தில் குச்சி ஒருபோதும் தெளிவாகப் பேசுவதில்லை. உணவு வெப்பமானியை நடுவில் குத்தி, 95 டிகிரியைத் தொட்டதும் எடுப்பேன். அந்த அளவில் மாவிலுள்ள மாவுச்சத்தும் முட்டையும் முழுதாக இறுகிவிட்டிருக்கும். பிறகு ஆறினாலும் நடுப்பகுதி குழியாது.

நியாயமாகச் சொல்ல வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். இந்த அவன் ரொட்டியின் அடிப்பாகத்துக்கு என்ன செய்கிறதோ, அதை நான் பயன்படுத்திப் பார்த்த பெரிய அவன்கள் எதுவும் செய்யவில்லை. கீழ்க்கம்பி அச்சுக்கு அருகில் இருப்பதால் அடிப்புறமும் பக்கங்களும் மெல்லிய, சீரான, ஆழ்ந்த பழுப்பு நிறத் தோலாக இறுகிவிடுகின்றன. அச்சைக் கவிழ்த்தால் ரொட்டி ஓர் ஓசையும் இன்றி நழுவி வந்து நிற்கும். வெந்துகொண்டிருக்கும்போது முதலில் கிராம்பும், சற்றுப் பிந்திப் பட்டையும் மணக்கத் தொடங்கும். அந்தச் சிறிய அறையில் நீராவியும் ஓரளவு தங்குவதால் உள்பகுதி வறண்டு போவதில்லை. இரண்டு மணி நேரம் முழுதாக ஆறவிட்டு, இறுகச் சுற்றிவைத்து மறுநாள் எடுத்தால், மசாலாக்களின் வாசனை எண்ணெயில் ஊறிப் பரவியிருக்கும். முதல் நாள் தனித்து நின்று நாக்கைக் குத்திய கிராம்பு மற்றவற்றோடு இணங்கியிருக்கும். உள்ளிருந்து வெளியே வந்த ஈரத்தில் மேல்தோல் மெல்லப் பிசுபிசுத்திருக்கும். அந்த மறுநாள் துண்டுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் கம்பிகள் ஒருமுறைகூடக் கெடவில்லை, கதவு தளரவில்லை. பழுதான ஒரே உறுப்பும் கால் மணி நேரத்தில் மாற்றக்கூடியதாக இருந்தது. இவையெல்லாம் சிறிய விஷயங்கள் அல்ல.

என்றாலும், தோழிக்கு நான் சொன்ன பதில் வாங்க வேண்டாம் என்பதுதான். வெப்பத்தை அறியும் உறுப்பை அறைக்குள் வைத்திருக்கும் அவனாகப் பார்த்து வாங்கு என்றேன். அவள் வியந்துபோய், “நேற்றுக்கூட அந்த ரொட்டியைத்தானே கொடுத்தீர்கள், அவ்வளவு நன்றாக இருந்ததே” என்றாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நன்றாக வரவைக்க ஒரு வெப்பமானியும், எத்தனையோ கரண்டி சர்க்கரையும், இரண்டு பண்டிகைகளும் தேவைப்பட்டன. அவனோடு வந்த கையேட்டில், “விளக்கு அணைந்ததும் உணவை உள்ளே வைக்கவும்” என்று தடித்த எழுத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நீண்ட நேரம் வேக வேண்டியவற்றுக்கு அந்த வரி பொருந்தாது என்று இன்னொரு வரியை அச்சிட்டிருந்தால், நான் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்க மாட்டேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். என்னுடையதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. இதை எழுதும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றாவது சத்தத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன.